சவோன் அண்ணனின் அரிப்பு

பாண்டிச்சேரியில் கடலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவிய ஒரே மனிதர் எங்கள் சவோன் அண்ணன்தான். கடலை விட்டுவைத்ததற்கும் காரணம் உண்டு. உப்புத் தண்ணீரில் நுரை வராது.

எழுபதுகளின் கடைசி. ரெட்டியார்பாளையத்தில் ஒரு வாடகை அறையில் அவர், நான், சலீம் மூவரும் இருந்தோம். மூவருக்கும் தட்டாஞ்சாவடியில் ஒரே லேத் பட்டறையில் வேலை. சோப்புக்குப் பிரெஞ்சில் சவோன் என்று பெயர். அவருக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வார்த்தை அது. சொல்லிச் சொல்லி அதுவே அவர் பெயராகிவிட்டது.

யாராவது கைகொடுத்தால் கழுவுவார். கொடுக்க வந்தாலே கழுவுவார். காலையிலும் மாலையிலும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர்க் குளியல், நடுவே மனசு கேட்காவிட்டால் இன்னொன்று. துணி துவைக்கும் பார் சோப்பு, தேங்காய் நார்.

"வாசனை சோப்ப நம்பாதீங்கடா. எதையோ மறைக்கத்தான் சென்ட் போடுறான்."

ஒருநாள் அவருக்கு அரிப்பு தொடங்கியது. முழங்கை செதில் செதிலாய் உரிந்தது. விரல் இடுக்குகள் வெடித்தன. அரிக்க அரிக்க இன்னும் அழுத்தித் தேய்த்துக் குளித்தார். அப்புறம் எங்களைச் சந்தேகப்பட்டார்.

"எவனோ என் துண்டுல காஞ்சொறி இலையத் தேய்க்கிறான்."

துண்டை டிரங்குப் பெட்டியில் பூட்டினார். வாளியைக் கட்டில் காலோடு சங்கிலி போட்டுக் கட்டினார். அப்போதும் அரித்தது. பூட்டையும் சோப்புப் போட்டுக் கழுவினார்.

அந்தச் சமயம் பார்த்து சலீம் ரம்ஜானுக்குக் காரைக்கால் போனான். அன்றே கிணற்று மோட்டார் பழுதானது. ஆளுக்கு ஒரு வாளி தண்ணீர்தான் கிடைத்தது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு சொம்பு பச்சைத் தண்ணீரில் குளியலை முடித்தார். தோல் ஆறத் தொடங்கியது. மோட்டார் ஓடிய அன்று சலீமும் திரும்பிவிட்டான். மறுபடி அரிப்பு!

"பாத்தியா? அவன் போனா போவுது, வந்தா வருது. இன்னும் என்னா சாட்சி வேணும்?" என்று என்னிடம் குதித்தவர், நேரே வீட்டுக்காரரிடம் போய் சலீமைக் காலி பண்ணச் சொன்னார். வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டார்.

சலீம் முகம் சுண்டிப்போனது. "வாங்கண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போவோம். என்னாலதான்னு டாக்டர் சொல்லட்டும், அங்கேருந்தே கெளம்பிடறேன்."

மூவரும் போனோம். டாக்டர் அண்ணனின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சோப்பு போடுறீங்க?"

அண்ணன் பையிலிருந்து பாரை எடுத்துப் பெருமையாக நீட்டினார்.

"இது துணிக்காச்சே!"

"துணிய வெளுக்கிறது ஒடம்ப வெளுக்காதா சார்?"

"அதான் வெளுத்துப் போயிருக்கே! தோல்ல ஒரு எண்ணெய்ப் பசை இருக்கும். வெந்நீரும் நாருமா அத உரிச்சுட்டீங்க. ஒரு வேளை குளிங்க, சூடில்லாத தண்ணில. நாரத் தூக்கிப் போடுங்க. குளிச்ச ஈரத்தோட தேங்காய் எண்ணெய் தடவுங்க."

வெளியே வந்ததும் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "குளிக்காதேன்றவன் டாக்டரா? எண்ணெய்க் கடைக்காரனோட கூட்டுடா."

ஆனாலும் அன்றே எண்ணெய் வாங்கினார். வீட்டுக்காரரிடமும் போனார். "சலீம் இங்கியே இருக்கட்டும். கண்ணு முன்னால இருந்தாதான் கவனிக்க முடியும்."

மறுநாள் குளித்துவிட்டு வந்தவருக்கு முதுகு எட்டவில்லை. சலீம் கேட்காமலே எண்ணெயை எடுத்துத் தடவினான்.

"இதுல எதுனா கலந்திருக்கியாடா?"

"ஆமாண்ணே, வெஷம்."

அண்ணன் எண்ணெயை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"எடது தோள்ல இன்னும் கொஞ்சம் போடு."

சலீம் இரண்டு தோளிலும் போட்டான்.