ஏழு பெருசா, மூணு பெருசா?

என்ன, சிரிக்க ரெடியா உட்கார்ந்துட்டீங்களா? புருஷன் பொண்டாட்டி கதைன்னதுமே உங்க மூஞ்சியில ஒரு களை வந்துருச்சே! கடைசியில பொண்டாட்டி ஜெயிப்பா, புருஷன் அசடு வழிவாரு, நாம வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கலாம்... அதானே? அந்த நினைப்புல மண்ணு. இந்தக் கதையில ஜெயிச்சது புருஷன்தான். சும்மா இல்ல, எழுதிக் கையெழுத்துப் போட்டு, நடுவர் வச்சு ஜெயிச்சாரு.

அவர் ஒரு கணக்கு வாத்தியார். அவர்கிட்ட ஒரு லேப்டாப் இருந்துச்சு. வயசு ஒன்பது. திறந்தா கீல் முனகும். ஆன் பண்ணினா உள்ள இருக்கிற ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி இரையும். மடியில வச்சா தொடை வெந்துரும். ஆனா அதுல ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கர்ல ப்ராசஸரோட, அதான் அதோட மூளையோட, பேரு. பேருக்குப் பக்கத்துல '7'. அந்த ஏழைத் தினமும் கர்சீப்பால துடைச்சுட்டுத்தான் மத்த வேலை.

பொண்டாட்டிக்கு வீட்டுலேருந்தே கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிக் குடுக்கிற வேலை. அந்த அம்மா புதுசா ஒரு டெஸ்க்டாப் வாங்கி ஜன்னல் ரூம்ல வச்சாங்க. அங்கதான் வந்துச்சு வினை. அந்த வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு நிம்மதியா உட்கார இருக்கிறது அந்த ஒரே ஒரு ரூம். ஞாயித்துக்கிழமை ஆனா வாத்தியார் அங்கதான் லேப்டாப்ல செஸ் ஆடுவாரு. இப்ப அவரை வாஷிங் மெஷின் பக்கத்துல தள்ளியாச்சு. அது துணி பிழியறப்போ மேஜையே குலுங்கும். குதிரையை நகர்த்தப் போவாரு, ராணி போயிரும்.

வாத்தியார் புதுப் பெட்டியை ஒரு சுத்து சுத்தி வந்தாரு. குனிஞ்சு அதோட ஸ்டிக்கரைப் பார்த்தாரு. '3'. ஃபெயிலான பையனோட பேப்பரைப் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க!

"இந்த மூணுக்காகவா என்னைத் துரத்தினே?"

"என்னங்க மூணு?"

"உன் ப்ராசஸர் மூணு. என்னுது ஏழு. ஏழுல மூணு போனா எத்தனை?"

"நாலு."

"அந்த நாலு பேரு கேட்டா சிரிக்க மாட்டாங்க?"

"அது எந்த வருஷத்து ஏழுங்க?"

"ஏழு எந்த வருஷமும் ஏழுதான். கணக்குக்கு வயசு கிடையாது."

"கணக்குக்கு இல்லீங்க, உங்க லேப்டாப்புக்கு இருக்கு. ஏழாவது வரைக்கும் படிச்ச கிழவரையும், மூணாவது படிக்கிற வாண்டையும் ஓட விட்டா யாரு முதல்ல வருவா?"

"ஓட்டம் என்ன ஓட்டம்? படிப்புதான்டி நிக்கும்!"

"அதைத்தான் நானும் சொல்றேன். உங்களுது அடிக்கடி நின்னுருது."

"நிக்கலை. யோசிக்குது."

"யோசிக்கலைங்க, மூச்சு வாங்குது. லேப்டாப்புல ப்ராசஸரை ஒரு தட்டையான டப்பாக்குள்ள அடைச்சு வச்சிருக்காங்க. பேட்டரி தாங்கணும்னு கரண்டும் கம்மியாத்தான் குடுப்பாங்க. கொஞ்சம் ஓடினா சூடாகி நடக்க ஆரம்பிச்சுரும். இது பெரிய பெட்டி. பெரிய ஃபேன், நல்ல காத்தோட்டம். போதாததுக்கு எத்தனையோ வருஷம் புதுசு."

"காத்தோட்டமா? நீ வாங்கினது ப்ராசஸரா, பால்கனியா?"

"உங்களுது பேருலதான் ஏழு. காலையில எழவே பத்து நிமிஷம் ஆகுது. அது ஏழு இல்லீங்க, ஏழரை."

வாத்தியாருக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. அடுத்த நாள் ஸ்டாஃப் ரூம் போர்டுல '7 > 3'ன்னு எழுதி, அடியில ரெண்டு கோடு வேற போட்டாரு. சயின்ஸ் டீச்சர், "இதை நிரூபிக்கணுமா, சார்?"ன்னு கேட்டாங்க. வாத்தியார் வீட்டுக்கு வந்ததும் வராததுமா சவால் விட்டாரு.

"பந்தயம்! ஒரே வீடியோ. நீ வெட்டி ஒட்டினதை உன் பெட்டியும் என் பெட்டியும் ஒரே நேரத்துல முழுப் படமா மாத்தட்டும். எது முதல்ல முடிக்குதோ, ஜன்னல் ரூம் அவங்களுக்கு."

"சரிங்க. எழுதிக்கலாமா?"

பார்த்தீங்களா? பதினெட்டு வருஷத்துல அந்த அம்மா ஒரே வார்த்தையில 'சரிங்க'ன்னது அன்னிக்குத்தான். கொஞ்சமாவது மூளை இருக்கிறவனா இருந்தா அப்பவே ஓடிப்போயிருப்பான். அந்த அம்மா ஒரு தாள்ல மூணு வரி எழுதி நீட்டினாங்க. 'கேள்வியை ரெண்டு தடவை படிங்கடா'ன்னு கிளாஸ்ல இருபது வருஷமா கத்துற மனுஷன், முதல் வரியை மட்டும் படிச்சாரு. 'ஜெயிச்சவங்களுக்கு ஜன்னல் ரூம்.' போதாதா? போட்டாரு கையெழுத்து.

நடுவரா எதிர் வீட்டுக்காரர் வந்தாரு. பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். யாருடைய மெஷின் முடிச்சாலும் விசில் ஊதணும்னு பேச்சு. வாத்தியார் வாஷிங் மெஷின் பக்கத்துல. கண்டக்டரை அந்த அம்மா ஜன்னல் ரூமுக்குள்ள கூப்பிட்டு நாற்காலி போட்டு, கையில காபியைக் குடுத்து உட்கார வச்சுட்டாங்க.

"ரைட்!"னாரு கண்டக்டர். ரெண்டு பெட்டியும் கிளம்புச்சு.

பத்து நிமிஷத்துல லேப்டாப் கொதிச்சுப்போச்சு. வாத்தியார் பரீட்சை அட்டையை எடுத்து விசிறினாரு. "வா ராஜா, வா. நீ ஏழுடா. ஏழு!" இருபது நிமிஷம். வாயால ஊதினாரு. முப்பது நிமிஷம். சட்டையைக் கழட்டிட்டு ரெண்டு கையாலயும் விசிறினாரு. லேப்டாப்புக்கு வேர்க்கலை, அவருக்கு வேர்த்துக் கொட்டுச்சு. ஜன்னல் ரூம்லேருந்து விசில் சத்தமே இல்ல. நாப்பத்திரெண்டாவது நிமிஷம், "முடிஞ்சுருச்சு!"

பனியனோட ஜன்னல் ரூமுக்கு ஓடினாரு. அங்க திரையில பச்சைக் கோடு பாதியில நிக்குது. அந்த அம்மா கன்னத்துல கை வச்சு உட்கார்ந்திருக்காங்க. கண்டக்டர் என்னமோ ஃபேனைப் புதுசா பார்க்கிற மாதிரி அண்ணாந்து பார்த்துக்கிட்டிருந்தாரு.

"தோத்துட்டேங்க. ரூம் உங்களுக்குத்தான்."

வாத்தியார் ஒரு குதி குதிச்சாரு. இறங்கறதுக்குள்ள வாசல்ல பெல் அடிச்சுச்சு. வந்தது அவரோட தங்கச்சி. கையில ஒரு அட்டைப்பெட்டி.

"அண்ணா! நீயே பண்ணித் தர்றியாமே! அண்ணி சொன்னாங்க."

"என்னத்தைப் பண்ணித் தர்றேன்?"

"என் பொண்ணுக்குப் பதினெட்டு வயசு ஆகப்போகுதுல்ல? பொறந்ததுலேருந்து எடுத்த வீடியோ மொத்தமும் இதுல இருக்கு. மூணு மணி நேரப் படமாக்கணும். முதல் ஒரு மணி நேரம் தொட்டில். அதுல எதையும் வெட்டிராதே. எல்லா இடத்துலயும் என்னைக் கொஞ்சம் ஒல்லியாக் காட்டு. என் மாமியார் வர்ற இடத்தையெல்லாம் எடுத்துரு. ஆனா எடுத்தது அவங்களுக்குத் தெரியக் கூடாது."

பொண்டாட்டி தாளை எடுத்து ரெண்டாவது வரியைக் காட்டினாங்க. 'வேகமான மெஷின் வச்சிருக்கிறவங்கதான் தங்கச்சி வீட்டு வீடியோவை முடிச்சுக் குடுக்கணும்.' மூணாவது வரியையும் காட்டினாங்க. 'தோத்தவங்க பத்து நாள் அம்மா வீட்டுக்குப் போகலாம்.' பை ஏற்கெனவே கதவுக்குப் பின்னாடி தயாரா நின்னுச்சு.

"எனக்கு வீடியோ வெட்டவே தெரியாதேம்மா!"

"பத்து நாள் இருக்கேங்க. உங்க ஏழு யோசிக்கட்டும்."

அந்த அம்மா பையைத் தூக்கிக்கிட்டுப் படி இறங்கிட்டாங்க. தங்கச்சி, தொட்டில் படம் எந்த மெமரி கார்டுல இருக்குன்னு பெட்டியைக் கிளற ஆரம்பிச்சா. வாத்தியார் பனியனை இழுத்து விட்டுக்கிட்டாரு. மிச்சம் இருந்த கெத்தையெல்லாம் ஒண்ணு சேர்த்துக்கிட்டு கண்டக்டர் பக்கம் திரும்பினாரு.

"வேலை கிடக்கட்டும், அண்ணே. எவன் கேட்டாலும் சொல்லுங்க. பந்தயத்துல ஜெயிச்சது யாரு?"

கண்டக்டருக்குப் பொறுக்கலை.

"அட போங்க வாத்தியாரே! அந்த அம்மாவோட பெட்டி ஆறாவது நிமிஷமே முடிச்சுருச்சு. மறுபடி முதல்லேருந்து ஓட விட்டு, பாதியில நிறுத்தி வச்சாங்க. மிச்ச நேரமெல்லாம் உங்களை ஜெயிக்க வைக்கத்தான் நாங்க ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம்!"