ஊசிப் பெட்டியும் சுவர்க் கடிகாரமும்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் படுத்தபடியே எழுதிக்கொள்வது. இங்கு நான் நலமில்லை. தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவர் முதுகெலும்புக்கு யோசனை சொல்கிறவர்களுக்கு ஒரு குறையும் வருவதில்லை. போனில் என் எண்ணைப் பார்த்தாலே தங்களுக்கு மீட்டிங் வந்துவிடுவதால் இந்தக் கடிதம்.

நான் ஏணியிலிருந்து விழுந்து, தண்டுவடத்தில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே பாதி உணர்ச்சி போய்க் கிடப்பது தாங்கள் அறிந்ததே. நரம்பு முழுசாக அறுபடவில்லை, விடாமல் பயிற்சி செய்தால் எழுந்து நிற்க வாய்ப்பிருக்கிறது என்று பெரிய டாக்டர் சொன்னதும், பிசியோதெரபி செய்ய ஒரு பெண் வந்து என்னை ஈவிரக்கமில்லாமல் பிழிந்ததும், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு மூச்சு நேரம் நின்றதும்கூடத் தாங்கள் அறியாததல்ல. அப்படியிருக்க, தங்கள் மேனேஜரின் கழுத்துவலி அக்குபஞ்சரில் போய்விட்டது என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பெண்ணை நிறுத்திவிட்டு ஊசிக்காரரை அனுப்பினீர்களே, பியூஸ் போன வீட்டுக்கும் கம்பமே சாய்ந்த தெருவுக்கும் ஒரே வைத்தியமா? எந்தப் பள்ளியிலும் படிக்காமல், ஷாக் அடித்து அடித்தே வயரிங் கற்றுக்கொண்டவன் நான். என்னிடமா?

ஊசிக்காரர் நல்ல மனிதர்தான், வாயைத் திறக்காதவரை. முதல் நாளே என் காலில் வரிசையாகக் குத்திவிட்டு, "ஐயா, உங்க உடம்புல சக்தி ஓடுற வழி அடைச்சுக்கிட்டிருக்கு. அதைத் திறந்து விடுறேன்" என்றார். "எங்க அடைச்சிருக்கு?" "முழங்காலுக்குக் கீழ." "நான் அடிபட்டது முதுகுல." "எல்லாம் ஒண்ணுக்கொண்ணு தொடர்புங்க." "அப்ப என் மாப்பிள்ளை காலுல குத்துங்க, எனக்குச் சரியாயிடும்" என்றேன். உங்கள் மாமியார் ஓடிவந்து வாயைப் பொத்தினாள், என் வாயை.

அப்புறம் ஒரு பெட்டி வந்தது. ஊசியில் கிளிப்பை மாட்டி மெல்லிய கரண்ட் கொடுப்பதாம். தினமும் தூக்கிச் சுமக்க முடியாது என்று எங்கள் அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் அதில் இருந்த சிவப்பு விளக்கு எரியவில்லை. ஏன் என்று கேட்டேன். "பல்பு போயிருக்கும் ஐயா, கரண்ட் நல்லா வருது." அந்தச் சமயம் பார்த்துத்தான் நீங்கள் வந்தீர்கள். கிளிப்பை விரலில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, "மாமா, ஜிவ்வுனு ஏறுது மாமா! இன்னும் என்ன ஆதாரம் வேணும் உங்களுக்கு?" என்றீர்கள். உங்கள் மாமியாரும் முழங்காலில் வைத்துப் பார்த்து, "ஆமாங்க, குறுகுறுங்குது" என்றாள். எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. எல்லாருக்கும் ஏறுகிற கரண்ட் எனக்கு மட்டும் ஏறவில்லை என்றால் என் கால் செத்துவிட்டது என்றுதானே அர்த்தம்? அந்தப் பயத்தில் நானும் "ஆமா, ஏறுது" என்றேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஏறாததை ஏறுது என்று என் வாயாலேயே சொல்ல வைத்தீர்களே, அதற்காகவே உங்களை மன்னிப்பதாக இல்லை.

நேற்று பொறுக்கமாட்டாமல் சக்கர நாற்காலியை அலமாரிவரை உருட்டிப் போய், பெட்டியை மடியில் வைத்துத் திருப்புளியால் திறந்தேன். உள்ளே பேட்டரியே இல்லை. நான் போட்ட கூச்சலுக்கு அடுப்படியிலிருந்து பதில் வந்தது: "கடிகாரம் நின்னுபோச்சுன்னு நான்தான் எடுத்துப் போட்டேன். பெட்டி சும்மாதானே கிடந்துச்சு?" "அப்புறம் உனக்கு எப்படிடி குறுகுறுத்துச்சு?" "மாப்பிள்ளை அவ்வளவு ஆசையா சொல்றாரு, இல்லைன்னா சொல்ல முடியும்?" நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். எனக்கு ஏறவேண்டிய கரண்டில் கடிகாரம் டக்டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே, ஊசிக்காரரை உடனே நிறுத்தவும். அந்தப் பெண்ணிடம் நீங்களே பேசி, மன்னிப்புக் கேட்டு, திரும்ப வரச் சொல்லவும். அடுத்த முறை தாங்கள் வரும்போது என் காலால் வாசல்வரை நடந்து வர வேண்டும் என்பது என் ஆசை. வரவேற்க அல்ல, வழியனுப்ப.

என் மகளுக்கு என் மனமார்ந்த ஆசிகள். தங்களுக்கும் அப்படியே, அவளைக் கட்டியவர் என்ற முறையில்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைக் கேட்டுக் கெட்ட மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஊசிக்காரர் வந்துவிட்டார். போகிற மனிதர் ஒரு தடவையாவது ஒழுங்காக வேலை பார்த்துவிட்டுப் போகட்டும் என்று பெட்டியில் புது பேட்டரி போட்டு வைத்திருந்தேன். விளக்கு எரிந்தது. கரண்ட் ஏறியது, எனக்கே தெரிந்தது. கால் சாகவில்லை, மாப்பிள்ளை. ஆனால் ஒன்று. என் பாதத்தில் ஓயாமல் ஒரு எரிச்சல் இருப்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெட்டி காலியாக இருந்தபோதெல்லாம், ஊசி குத்திய நாளில் அது அடங்கி, நன்றாகத் தூங்கினேன். இன்று கரண்ட் ஏறியும் அடங்கவில்லை. காரணம் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதிப் பழக்கமும் இல்லை. அதனால் அந்தப் பெண்ணும் வரட்டும், ஊசிக்காரரும் வரட்டும். பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டுவிட்டேன். பெட்டி காலி என்று அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் அவர் கை ஓடாது.