என் வீட்டுக்கு நானே விலை ஏற்றினேன்

வயிற்றைக் கட்டச் சொன்னால் கட்டிவிடுவேன். வாயைக் கட்டுவது மட்டும் என்னால் ஆகாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது, ஏனென்றால் இனி வரும் அசிங்கம் அத்தனைக்கும் அதுதான் காரணம்.

திருவொற்றியூரில் மீன் விற்கிறேன். விடிவதற்குள் காசிமேட்டில் ஏலம் எடுத்து வந்து, ஏழு மணிக்கெல்லாம் மார்க்கெட் ஓரத்தில் பலகை போட்டுவிடுவேன். இருபது வருடத்துக்கு மேல் இதே வேலை. இந்தத் தொழிலில் ஒரு வியாதி உண்டு. நம் பலகையில் கிடப்பதை எவராவது குறை சொன்னால் உடம்பு தாங்காது. "இன்னாம்மா, கண்ணு மங்கலா கீதே" என்று ஒரு வார்த்தை போதும். செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டி, மீனை அவர் மூக்கு வரைக்கும் நீட்டி, சும்மா பார்க்க வந்தவரையும் வாங்க வைத்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன். (எதிர்வீட்டு ராணியக்கா சொல்வது: "சுந்தரிக்கு நாக்குல மோட்டாரு கீது. பிரேக்குதான் எங்கியோ கழண்டு வுயுந்துடுச்சி.")

இந்த வியாதியோடுதான் நான் விவாகரத்துக்குப் போனேன்.

என் வீட்டுக்காரர் ஏழுமலை படகு இஞ்சின் மெக்கானிக். அவர் ஒரு நாளில் பத்து வார்த்தை பேசினால் அதில் எட்டு இஞ்சினோடு பேசியதாக இருக்கும். எங்களுக்குள் பெரிய குற்றம் என்று ஒன்றும் கிடையாது. நான் பேசப் பேச அவர் பேசுவதைக் குறைத்தார். அவர் குறைக்கக் குறைக்க நான் அவருடைய பங்கையும் சேர்த்துப் பேசினேன். ஒரு கட்டத்தில் அவர் எண்ணூரில் தம்பி வீட்டோடு போய்விட்டார். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. பிறகு இரண்டு பேரும் சம்மதித்தே குடும்ப நீதிமன்றத்தில் மனு போட்டோம்.

பிரித்துக்கொள்ள எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வீடு. கடலோரச் சந்தில் கீழே இரண்டு அறை, மேலே ஓர் அறை. பத்திரம் இரண்டு பேர் பெயரிலும். வக்கீலம்மா எனக்குப் பொறுமையாக விளக்கினார். மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து வீட்டைப் பார்த்து மதிப்புப் போடுவார். அதில் பாதியை நான் ஏழுமலைக்குக் கொடுத்துவிட்டால் வீடு எனக்கு. கொடுக்க முடியாவிட்டால் வீட்டை விற்று ஆளுக்குப் பாதி.

நகை, என் தம்பி, மகளிர் குழுக் கடன் எல்லாம் சேர்த்துக் குலுக்கினாலும் என்னால் புரட்ட முடிந்தது பதினைந்து லட்சம். ஆக, மதிப்பு முப்பதுக்குள் நின்றால் வீடு என்னிடம் நிற்கும். தாண்டினால் நானும் காலேஜ் படிக்கும் மகள் கீர்த்தனாவும் கொடுங்கையூர்ப் பக்கம் வாடகைக்குப் போக வேண்டும். அங்கிருந்து விடிகாலையில் ஏலத்துக்கு வந்து போக, லாபம் முழுவதும் ஆட்டோவுக்கே சரியாகிவிடும். இது எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்தது என்று வக்கீலம்மாவுக்கு மூன்று முறை நீளமாகச் சொன்னேன். அதைக் கேட்டதும்தான் அவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும்.

"அன்னைக்கு மட்டும் நீங்க பேசாதீங்க சுந்தரி. அவர் கேட்டா பதில் சொல்லுங்க. கேக்கலைன்னா தண்ணி குடிங்க."

ஒரு சனிக்கிழமை காலை மதிப்பீட்டாளர் வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் பை, கையில் அட்டையில் செருகிய காகிதம். பின்னாலேயே ஏழுமலை. தான் கட்டிய வீட்டு வாசலில் விருந்தாளி மாதிரி செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நான் தண்ணீர் குடித்தேன்.

சாரிடம் சிவப்புப் புள்ளி அடித்து நீளம் சொல்லும் கருவி இருந்தது. அன்றைக்குப் பார்த்து அதில் சார்ஜ் இல்லை. "டேப்பை ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனை பிடிங்க" என்றார். பிடித்தோம். கல்யாணத்தன்றுகூட நாங்கள் இவ்வளவு நேரம் ஒன்றாகச் சேர்ந்து எதையும் பிடித்ததில்லை. நான் இந்தச் சுவரில், அவர் அந்தச் சுவரில், நடுவில் மஞ்சள் நாடா. கீர்த்தனா சமையலறை வாசலில் நின்று எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பத்து நிமிடம் நான் நன்றாகத்தான் இருந்தேன். மூன்று சொம்பு தண்ணீர் உள்ளே போயிருந்தது. அப்போது சார் சுவரைத் தடவி, தனக்குத்தானே சொல்வது போல, "உப்பு பூத்திருக்கு" என்றார்.

நான் நாலாவது சொம்பை எடுத்தேன். அதோடு போயிருக்கும். ஆனால் ஏழுமலை வாயைத் திறந்தார்.

"ஆமா சார். நல்லா பாருங்க. கடக் காத்து. உள்ள வரிக்கும் பூத்துகீது."

பதினெட்டு வருடமாக "சோறு போடவா" என்றால் தலையை மட்டும் ஆட்டிய மனிதர். அவர் வாய் திறந்தது என் வீட்டைக் குறை சொல்வதற்கு. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"எங்கய்யா பூத்துகீது? காட்டு."

"தோ."

"அது பவுடரு. பொண்ணு மூஞ்சிக்குப் போட சொல்லோ கொட்டிகீது."

(என் மகள் சுவரோடு சுவராக நின்று, மார்பு உயரத்துக்கு, மூன்று அடி நீளத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது இதன் பொருள்.)

"பரவாயில்லைம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார் சார்.

"நீங்க பாருங்க சார். மேலால பாத்தா இன்னா தெரியும்?"

ஏழுமலை விட்டுவிட்டுப் போன பெரிய ஸ்பேனர் ஒன்று ஜன்னலில் கிடந்தது. அதை எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டேன். சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே செங்கல் செக்கச்செவேல் என்று தெரிந்தது.

"பாத்துக்கோங்க. சூளைல நல்லா வெந்த கல்லு. இந்தத் தெருவுல வேற எந்த வூட்ல இப்டி கீது, சொல்லுங்க."

செவுளைத் தூக்கிக் காட்டிவிட்டேன். சுவரைத் தூக்கி மூக்கருகே நீட்ட முடியாது என்பதால், சாரின் பிடரியில் கை வைத்து அவர் முகத்தைச் சுவர் பக்கம் கொண்டுபோனேன். பாவம், பார்த்தார். "நல்ல கல்லுதான்" என்று எழுதிக்கொண்டார்.

ஏழுமலை விடவில்லை. "சார், வடக்கு மூலை ஒழுவும். மழைன்னா டப்பா வெக்கணும்."

"ஒழுவாது சார். இந்த ஆளு ரெண்டு வருசமா இந்த வூட்லயே இல்ல. இதுக்கு இன்னா தெரியும்."

(ஒழுகும். அதற்கென்றே ஒரு காலி பெயிண்ட் டப்பா அந்த மூலையில் இருந்தது. பேசிக்கொண்டே போய் அதைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.)

"சந்துல காரு நொழையாது சார்."

"ஆம்புலன்ஸே வந்துகீது. வோணும்னா ராணியக்காவக் கேளுங்க." (தெருமுனை வரைக்கும்தான் வந்தது. ராணியக்காவின் மாமனாரை நாலு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.)

"தே, கம்னு இரேன்" என்றார் ஏழுமலை, என்னைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் இன்னாத்துக்குக் கம்னு கீணும்? நீ கட்டுன வூட்ட நீயே கலீஜு பண்ற. வெக்கமா இல்ல உனுக்கு?"

இதற்குமேல் எனக்கு யாருடைய கேள்வியும் தேவைப்படவில்லை. அந்த வட்டாரத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர் வரும் போர் எங்களுடையது என்று சொல்லி, சாருக்கு ஒரு சொம்பு கொடுத்தேன். குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டார். அதையும் எழுதிக்கொண்டார். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பொந்தை அளக்காமல் போகிறாரே என்று கையைப் பிடித்து இழுத்து வந்து அளக்க வைத்தேன். மேல் அறை கட்டி நாலே வருடம்தான் ஆகிறது என்று சொன்னேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. கீர்த்தனா வாயைப் பொத்திப் பொத்திக் காட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பல்வலி என்று நினைத்தேன்.

சார் கிளம்பும்போது, "மழைக்கு முன்னாடி அந்த ஓட்டையப் பூசிடுங்கம்மா" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார். ஏழுமலை செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

"நீ கெலிச்சிட்ட சுந்தரி" என்றார். போய்விட்டார்.

அன்றைக்கு ராணியக்காவிடம் நான் எப்படிக் கெலித்தேன் என்பதை நடித்தே காட்டினேன். ஸ்பேனரோடு.

இரண்டு வாரம் கழித்து வக்கீலம்மா கூப்பிட்டனுப்பினார். மேசையில் அறிக்கை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"'கசிவு ஏதும் இல்லை என உரிமையாளரே உறுதி கூறினார். செங்கல்லின் தரம் உரிமையாளரால் நேரில் உடைத்துக் காட்டப்பட்டது.' உடைச்சீங்களா?"

"கொஞ்சம்தான் மேடம்" என்று, ஏழுமலை சொன்ன குறைகளையும் நான் கொடுத்த பதில்களையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"முப்பத்தாறு லட்சம் போட்டிருக்கார்."

பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, ஒரு மூச்சு விடும் நேரத்துக்கு என் நெஞ்சு நிமிர்ந்தது. என் வீடு முப்பத்தாறு. வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சுந்தரி, மதிப்பு ஏறினா யாருக்கு லாபம்?"

"அவருக்கு."

"குறைஞ்சா?"

"எனுக்கு."

"அப்போ அன்னைக்கு அவர் ஏன் குறைச்சுச் சொன்னார்?"

மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. என் பேச்சு நின்று அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது வாழ்க்கையிலேயே அப்போதுதான். உப்பு, ஒழுகல், சந்து என்று அந்த மனிதர் ஒவ்வொன்றாக எனக்காக எடுத்துப் போட்டிருக்கிறார். நான் ஒவ்வொன்றையும் அடித்து நொறுக்கி அவர் பையில் பணமாகத் திணித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து கீர்த்தனாவைக் கேட்டேன். "நான்தாம்மா நைனாகிட்ட சொன்னேன், அம்மாவால பதினஞ்சுதான் முடியும்னு" என்றாள். "நான் காட்டினத நீ பாக்கவே இல்லியா?"

அன்று இரவு நான் மீன் கழுவும் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். வீடு போகிறது என்று அழுதேனா, பதினெட்டு வருடம் ஒரு மனிதனைச் சரியாகக் கேட்கவே இல்லையே என்று அழுதேனா, இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வாரம் நீதிமன்றத்தின் சமரச அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ஏழுமலை, இந்தப் பக்கம் நானும் வக்கீலம்மாவும், நடுவில் சமரசம் பேசும் பெரியவர். அறிக்கையைப் புரட்டிவிட்டு, "முப்பத்தாறு. பாதி பதினெட்டு. கொடுக்க முடியுமாம்மா?" என்றார். பதினைந்துதான் முடியும் என்றார் வக்கீலம்மா.

ஏழுமலை தொண்டையைச் செருமினார். "சார், ரிப்போர்ட்டு அப்டியே இருக்கட்டும். என் பங்குல ரிப்பேரு செலவக் கழிச்சிக்கோங்க."

"என்ன ரிப்பேர்?"

"வடக்கு மூலை. செவுரு. ஓட்டை வேற ஒண்ணு புச்சா வந்துகீது."

"எவ்வளவு ஆகும்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துச் சொன்னார். "சுந்தரி எவ்ளோ கொண்டாருதோ, அதுக்கு மேல கீறது அல்லாம் ரிப்பேரு செலவு சார்."

இந்த இடத்தில் நான் அழுதேன், கும்பிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. நடந்ததை எழுதுகிறேன். மூன்று லட்சத்துக்கு ரிப்பேரா என்று என் வியாதி எழுந்து நின்றது. "சார், அவ்ளோ ரிப்பேரு ஒண்ணும் கெடையாது, வூடு நல்லா ஜோராத்தான்..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

வக்கீலம்மாவின் குதிகால் செருப்பு என் கால் கட்டைவிரலில் இறங்கியது. அந்த நகம் இன்றைக்கும் கோணல்தான். உலகத்தில் என்னை மிதித்தவர்களில் நான் நன்றி சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர்தான். ஏழுமலை சிரித்துவிட்டார். சத்தமாக, தோள் குலுங்க. அந்தச் சிரிப்போடு கையெழுத்துப் போட்டோம். வீடு எனக்கு, விவாகரத்து இரண்டு பேருக்கும்.

நாங்கள் மறுபடி சேர்ந்துவிட்டோமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. ஒரே கூரைக்குக் கீழே எங்களால் ஆகாது, அது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் அந்த ரிப்பேர் மட்டும் முடிந்தபாடில்லை. கீர்த்தனாவின் கடைசி வருட ஃபீசை அவர் கட்டிவிட்டு வந்தபோது, எதற்கு என்று கேட்டேன். "ரிப்பேரு செலவு" என்றார். அவருக்குத் தீபாவளிக்கு நான் சட்டை எடுத்துக் கொடுத்தனுப்பினால், கீர்த்தனா அங்கே போய் அதே பெயரைச் சொல்லிக் கொடுக்கிறாள். எங்கள் குடும்பத்தில் கணக்கில் வராமல் கைமாறும் எதற்கும் இப்போது அதுதான் பெயர். ராணியக்கா ஒரு கிண்ணம் பாயசம் கொண்டுவந்தாலும் அப்படிச் சொல்லித்தான் நீட்டுகிறார்.

போன மாதம் அவருக்குக் கண்புரை ஆப்பரேஷன். வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, வஞ்சிரக் குழம்பு வைத்து, தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு எண்ணூருக்குப் போனேன். கதவைத் திறந்தது அவருடைய தம்பி மனைவி. கல்யாணமாகி வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. என்னை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. என்னையும் தூக்குச் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா இது, இன்னாத்துக்கு?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வாங்கி உள்ள வை புள்ள. ரிப்பேரு செலவு."