புயலுக்குத் தப்பியது, பூசணிக்காய்க்குத் தப்பவில்லை

புயலுக்குத் தப்பிய என் காரை உடைத்தவன் நான்தான். இதை இத்தனை தெளிவாக இன்ஷூரன்ஸ்காரரிடம்கூடச் சொன்னதில்லை. (சொன்னாலும் அந்த மனுஷன் நம்பியிருக்கப் போவதில்லை.)

புயல் ஓய்ந்த அன்று காலை கதவைத் திறந்து வெளியே வந்தேன். வேங்கிக்காலில் எங்கள் தெரு முழுக்க மரம். எதிர்வீட்டுத் தனபால் சாரின் கார்மேல் தூங்குமூஞ்சி மரம் ஒன்று ஹாயாகப் படுத்திருந்தது. பக்கத்து வீட்டு வண்டிமேல் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. என் காரிலோ பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்று மட்டும் உடைந்து தொங்கியது. மற்றபடி ஒரு கீறல் இல்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் காலை என் மனைவி வாசுகிக்கு வேலூரில் ஆசிரியர் பணிக் கலந்தாய்வு. வருஷக்கணக்காகப் படித்து வாங்கிய வாய்ப்பு. பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் போச்சு. பஸ் ஓடுமா என்று யாருக்கும் தெரியவில்லை.

தனபால் சார் தன் காரையும் என் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுதுக்கு மட்டும் ஒண்ணுமே ஆவல, இல்ல சார்?" என்றார்.

அவ்வளவுதான். வாசலில் நின்ற என் மாமியார் காதில் அது விழுந்துவிட்டது. என்னை உள்ளே இழுத்துப்போய், "மாப்ள, கொள்ளிக்கண்ணு அது! நாளைக்கு அவ போற வண்டி. உடனே பூசணிக்கா சுத்தி உடைச்சிடுங்க" என்றார்.

"அத்தை, முதல்ல அந்தக் கண்ணாடிய ஒட்ட வெச்சிடுறேன்."

"கண்ணாடி கெடக்கட்டும். திருஷ்டி ஜாஸ்தியாயிடுச்சு."

ஒரு கடைகூடத் திறக்கவில்லை. ஆனாலும் எங்கிருந்தோ ஒரு பூசணிக்காயோடு வந்துவிட்டார். கைக்குழந்தை கனம் இருக்கும். அதில் ஓட்டை போட்டு, குங்குமத்தைக் கொட்டி, மேலே கற்பூரம் ஏற்றிக் கொடுத்தார். மூன்று சுற்று சுற்றி ரோட்டில் போட்டு உடைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். தெருவே பார்க்கிறதே என்று தலைக்குமேல் தூக்கினேன் பாருங்கள், எரிகிற கற்பூரம் நழுவி என் மணிக்கட்டில் விழுந்தது.

"ஐயோ!" என்று உதறினேன். பூசணிக்காய் நேராகக் காரின் முன்கண்ணாடிக்குப் போனது.

டமார்! பாதி பூசணி டிரைவருக்குப் பக்கத்து சீட்டில், மீதி டேஷ்போர்டில். உள்ளே எங்கு பார்த்தாலும் சிவப்பு. சத்தம் கேட்டு ஓடிவந்த வாசுகி அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, "ஐயையோ, யாருக்கு என்னாச்சு?" என்று அலறினாள். தனபால் சார்தான் பதில் சொன்னார். "இப்பத்தான் சார் தெரு ஒரே மாதிரி இருக்குது." அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

வாசுகி திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். "புயலே விட்டுட்டுப் போச்சேங்க. நீங்க விடலியே" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. எப்பாடு பட்டாவது அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் விடிந்ததும், முன்கண்ணாடியை முழுசாகப் பெயர்த்தெடுத்த காரில் இருவரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கிளம்பினோம். போளூரில் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். குனிந்து பார்த்தார். எந்தச் சட்டத்தில் கேஸ் எழுதுவது என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. "போங்க சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணமங்கலம் தாண்டியதும் மழை, நேரே மூஞ்சியில்.

வேலூர் போய்ச் சேர்ந்தபோது அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "இருக்கேன் சார்!" என்று ஓடினாள். சீட்டில் ஒட்டியிருந்த குங்குமம் மழையில் ஊறி, அவள் புடவை முழுக்கச் சிவப்பு. அதிகாரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"அம்மா, முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க!"

"அடி ஒண்ணும் படல சார். பூசணிக்கா."

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. தலையில்தான் அடி என்று முடிவு செய்து, அவசரமாக அவளை ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தார்கள். அரைமணி கழித்து ஆர்டரோடு வெளியே வந்தாள். கீழ்பென்னாத்தூர் பக்கம் பள்ளிக்கூடம், வீட்டிலிருந்தே போய்வரலாம். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அப்புறம் வேலூரிலிருந்து வீடு வரைக்கும் திட்டினாள்.

அவள் படிப்புக்குக் கிடைத்த வேலை அது. என் மாமியார் ஒப்புக்கொள்வதில்லை. "எல்லாம் எங்க மாப்ள உடைச்ச ராசி" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

போன வாரம் தனபால் சார் ஒரு பெரிய பூசணிக்காயோடு வந்து நின்றார். அவர் பெண்ணுக்குக் காலேஜ் கவுன்சலிங்காம்.

"உங்க கையால உடைச்சுக் குடுங்க சார்."

"சரி, உங்க புதுக் கார் எங்க?" என்றேன்.

"அது பத்திரமா அடுத்த தெருவுல நிக்குது சார். நீங்க உங்க வண்டியிலயே உடைங்க."