குன்னாருக்கு ஏற்ற டாக்டர்

இந்தக் குளிர்காலம் அரிசோனாவுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். முடிவை வீட்டில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் என் முடிவுகள் உயிரோடு இருக்க அது ஒன்றுதான் வழி.

அரிசோனாவில் என் மனைவி லவோனின் தங்கை மார்லிஸ் இருக்கிறாள். அவள் புருஷன் டுவேன் இருக்கிறார். டுவேனிடம் ஒரு கோல்ஃப் வண்டி இருக்கிறது. போன வருஷம் அதில் என்னை உட்காரவைத்து, அவர் குடியிருப்பில் உள்ள கள்ளிச் செடிகளையெல்லாம் ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தினார். மறுநாள் காலையில் மறுபடி கூப்பிட்டார். புதுக் கள்ளி ஏதாவது முளைத்திருக்கும் என்று போனேன். அதே கள்ளிகள்தான். அதோடு ஜனவரியில் வியர்த்தது. ஏரியெல்லாம் உறைந்துபோகும் மின்னசோட்டாவின் ஆள் ஒருவனுக்கு ஜனவரியில் வியர்ப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று உங்களுக்குப் புரியும்.

கடைசியில், ஊரில் விட்டுவந்த நாய் ஏங்கிப் போய்விட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லிப் பாதியில் ஊருக்கு ஓடி வந்தேன். வந்து சேர்ந்தபோது ஏரியில் மீன்பிடிப் போட்டி முடிந்திருந்தது.

எனக்கு அந்தப் போட்டிதான் வருஷத்துக்கு ஒரே திருவிழா. ஏரி உறைந்ததும் அதன்மேல் என் மீன்குடிலை இழுத்துப் போய் நிறுத்துவேன். நானே பலகை அடித்துக் கட்டியது. உள்ளே ஒரு அடுப்பு, ஒரு ரேடியோ, ஒரு நாற்காலி, பனித்தரையில் ஒரு ஓட்டை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்னை யாரும் எதையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்வதில்லை. அங்கே ஒரு பெரிய பைக் மீன் இருக்கிறது. ஓட்டை வரைக்கும் வந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும். இந்த வருஷம் அதை விடப்போவதில்லை என்று இருந்தேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதைக் கொடுத்தாலும், எங்கே கூப்பிட்டாலும், முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையும் வேண்டாம்தான். அதெல்லாம் மரியாதைக்கு. மூன்றாவது தடவை சொல்வதுதான் நிஜமான பதில். மார்லிஸும் இந்த ஊர்ப் பெண்தானே. நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் பண்டிகையன்று போனில் முதல் தடவை கூப்பிட்டாள். "ஐயோ, எதுக்கு உங்களுக்குச் சிரமம்" என்றேன். இன்னும் இரண்டு முறை கூப்பிடுவாள். மூன்றாவது முறைக்குள் எனக்கு அசைக்க முடியாத ஒரு காரணம் வேண்டும்.

காரணம் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் சாஸேஜ் தின்றுகொண்டிருந்தது. எங்கள் நாய் குன்னார். பாதி குட்டைக்கால் டாக்ஷண்ட் ஜாதி, மீதிப் பாதிக்கு எந்த நாயும் பொறுப்பேற்கவில்லை. நாங்கள் வெளியூர் போகும்போதெல்லாம் அவனைத் தன் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்துக்கொண்ட கிழ டாக்டர் கடையை மூடிவிட்டார். அவரும் அரிசோனாவுக்குத்தான் போனார். எல்லாரும் அங்கேதான் போகிறார்கள்.

வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஹார்லன்தான் வழி சொன்னான்.

"நாயை விட இடம் இல்லைன்னா, வீட்ல யாராவது ஒருத்தர் இருந்துதானே ஆகணும்?"

"ஆமா."

"லவோன் தங்கச்சியைப் பாக்காம இருப்பாங்களா?"

"மாட்டா."

"அப்போ மிச்சம் யாரு?"

ஹார்லனைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. எங்கள் ஊரில் அப்படியெல்லாம் செய்வதில்லை. தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டு வந்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் ஹாட்டிஷ் என்கிற எங்கள் ஊர்க் கலவைச் சாப்பாட்டைப் பரிமாறும்போது பேச்சை எடுத்தேன். "குன்னாருக்குப் புது டாக்டரை நானே பாத்து முடிவு பண்றேன்."

"நீங்களா? உங்க பல் டாக்டர் பேரு என்ன, சொல்லுங்க பாப்போம்."

"அது வேற. இது குடும்ப விஷயம்."

"சரி. சுத்துவட்டாரத்துல இருக்கற எல்லா இடத்தையும் நேர்ல போய்ப் பாருங்க. எங்க என்ன வசதின்னு ஒப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க. நீங்க சொல்ற டாக்டர்தான்."

ஜன்னல் திரைக்கு நிறம் சொல்லக்கூட என்னை விடாதவள், ஒரு உயிரையே என் கையில் கொடுத்தாள். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். மனுஷனுக்குச் சந்தோஷம் வந்தால் புத்தி வேலை செய்வதில்லை.

முதலில் ஏரிக்கரை ரோட்டில் புதிதாக வந்திருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "குன்னார் எல்லிங்சன்" என்று குடும்பப் பேரோடு கூப்பிட்டார்கள். அவன் என்னைவிட மரியாதையாக எழுந்து போனான். ஊசி, பல் சுத்தம், நகம் வெட்டுவது எல்லாவற்றையும் காட்டிவிட்டு, அந்தப் பெண் ஒரு கதவைத் திறந்தாள். நாய் விடுதி. ஒவ்வொரு நாய்க்கும் தனி அறை, வெதுவெதுப்பான தரை, மெல்லிசாகப் பாட்டு.

"தூங்கறதுக்கு முன்னாடி ஒரு பிஸ்கட் குடுப்போம். அப்புறம் நெத்தியில ஒரு முத்தம்" என்றாள்.

எனக்கே அந்த வசதி நின்று பல வருஷம் ஆகிறது. குன்னார் தரையில் குப்புறப் படுத்துவிட்டான். தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

"எப்படி இருந்துது?" என்றாள் லவோன்.

"ஒரே நாத்தம். குன்னாருக்குப் பிடிக்கவே இல்லை."

"வால் ஆடுதே."

"பயத்துல நடுங்கறான்."

அடுத்தது பண்ணை ரோட்டில் மாட்டு டாக்டர் ஹேகன். நான் போனபோது ஒரு பசுவுக்குள் தோள்பட்டை வரைக்கும் கையை விட்டிருந்தார். "கை குடுக்க முடியாது, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். நானும் அதை வற்புறுத்தவில்லை. பிறகு குன்னாரைக் கன்றுக்குட்டி நிறுக்கும் தராசில் ஏற்றினார்.

"கன்னுக்குட்டின்னா கொஞ்சம் நோஞ்சான். நாய்தான்னா ரொம்பக் குண்டு."

"இங்க நாயை விட்டுட்டுப் போற வசதி?" பயந்துகொண்டே கேட்டேன்.

"அதெல்லாம் கிடையாது."

எனக்கு மனசெல்லாம் குளிர்ந்தது.

"ஆனா ஊருக்குப் போறதுன்னா சொல்லுங்க. கொட்டகையில பசுங்களோட படுத்துக்கட்டும்."

"வேண்டாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"இதுல என்ன சிரமம்?"

"இல்லை, வேண்டாங்க."

"அட, விட்டுட்டுப் போங்களேன்."

மூன்றாவது தடவை. என் வாய் தானாகவே சரி என்று சொல்லத் திறந்தது. பரம்பரைப் பழக்கம். நாயை அள்ளிக்கொண்டு காருக்கு ஓடினேன். வீட்டில், "அவருக்கு நாய்க்கும் மாட்டுக்கும் வித்தியாசம் தெரியலை" என்று சொல்லி அந்தக் கதையை முடித்தேன்.

மூன்றாவது ஆள் டாக்டர் ரெனாட்டா. அவருக்கு ஆஸ்பத்திரியே கிடையாது. ஒரு வெள்ளை வேனில் எல்லாக் கருவிகளையும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். பெட்ரோல் பங்கில் பிடித்து விசாரித்தேன்.

"நாய் விடுதி உண்டா?"

"இந்த வேன்ல நான் உக்காரவே இடம் இல்லை சார்."

உலகத்திலேயே சிறந்த மிருக வைத்தியரை நான் கண்டுபிடித்துவிட்டேன். லவோனிடம் ரெனாட்டாவின் புகழைப் பாடினேன். வீட்டுக்கே வருவார். நாய்க்குப் பயமில்லை. நமக்கு அலைச்சல் இல்லை. கை ராசி. முகராசி. விடுதி இல்லாததுதான் ஒரே குறை, ஆனால் வைத்தியம்தானே முக்கியம்.

"நீங்க சொன்னா சரிதாங்க" என்றாள் லவோன். இந்த வாக்கியத்தை அவள் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. காது கொஞ்ச நேரம் அடைத்துக்கொண்டது.

ரெனாட்டா வந்தார். சமையலறை மேஜையில் குன்னாரை நிறுத்தி அமுக்கிப் பார்த்தார். "ரொம்பக் குண்டு. இவனுக்கு சாஸேஜ் யாரு குடுக்கறது?"

குன்னார் என்னைப் பார்த்தான். நன்றியுள்ள மிருகம் என்று யார் சொன்னார்களோ.

போகும்போது அவரும் லவோனும் வேன் பக்கத்தில், அந்தக் குளிரில், ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பேசினே?" என்றேன்.

"குன்னாரோட எதிர்காலத்தைப் பத்தி. அவன் இளைக்கணுமாம். நீங்க தேடிப் பிடிச்ச டாக்டர், அவங்க சொன்னதை நீங்கதான் செஞ்சு காட்டணும். முடியலைன்னா சொல்லுங்க, ஏரிக்கரை ரோட்டுக்கே போயிடலாம்."

விட்டால் என் திட்டமே போச்சு. களத்தில் இறங்கினேன். காலையும் மாலையும் நடை. மூக்கு உறைகிற குளிரில், அவனுக்குச் சிவப்புக் காலணி மாட்டி, தெருத் தெருவாக இழுத்துப் போனேன். சாஸேஜ் போய் அவித்த பீன்ஸ் வந்தது. நான் சாஸேஜ் தின்றால் அவன் அழுதான். அதனால் நானும் பீன்ஸ்தான் தின்றேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

லவோன் அடுப்புப் பக்கத்தில் ஒரு நீலப் பையை வைத்தாள்.

"என்ன பை இது?"

"கம்பளி நூல் வைக்க வாங்கினேன்."

"குன்னார் உள்ள போய்ப் படுத்திருக்கானே."

"பாவம், படுக்கட்டும்." குனிந்து ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். வாலும் பின்பாதியும் வெளியே நின்றன. "இன்னும் கொஞ்சம் இளைக்கணும்" என்றாள்.

நாயின்மேல் இவளுக்கு எவ்வளவு அக்கறை என்று எனக்குக் கண் கலங்கியது. மறுநாளிலிருந்து இன்னும் ஒரு தெரு சேர்த்து நடந்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று மார்லிஸ் இரண்டாவது தடவை கூப்பிட்டாள். "ஆசையாத்தான் இருக்கு மார்லிஸ். குன்னாரை விட இடம் இல்லையே" என்று குரலை இறக்கினேன். பக்கத்தில் லவோனும் பெருமூச்சு விட்டாள். எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

ஹார்லன் அடிக்கடி என் குடிலுக்கு வந்தான். "இந்த அடுப்பை எப்படிப் பத்தவைக்கறது?" என்றான்.

"ஏன் கேக்கறே?"

"சும்மா. தெரிஞ்சுக்கலாம்னு."

எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பைக் மீன் எந்த நேரத்துக்கு வரும், அதுக்கு என்ன இரை பிடிக்கும் என்பது வரைக்கும். கூட்டாளி இல்லையா.

போட்டிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் தூண்டில்களைப் பரப்பி வைத்திருந்தேன். ரெனாட்டாவின் வேன் வந்தது. குன்னாரை நிறுத்துப் பார்த்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதம் சார். இந்த ஊர்ல ஒரு நாயைக்கூட யாரும் இப்படி இளைக்க வச்சதில்லை."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. லவோன் நீலப் பையைக் கொண்டுவந்தாள். குன்னார் உள்ளே போனான். ஜிப் சர்ரென்று மூடிக்கொண்டது. வால் உள்ளே.

"விமானத்துல சீட்டுக்கு அடியில சரியா அடங்கிடுவான்" என்றார் ரெனாட்டா. "பயணச் சான்றிதழை இப்பவே எழுதிடறேன்."

"எந்தப் பயணம்?" என்றேன்.

லவோன் அன்பாகப் பார்த்தாள். "குன்னாரை விட இடம் இல்லையேன்னு நீங்க எவ்வளவு வருத்தப்பட்டீங்க. அதான், கூடவே கூட்டிட்டுப் போக முடியுமான்னு டாக்டரை முதல் நாளே கேட்டேன். பையில அடங்கினா போகலாம்னாங்க. விடுதில விட்டா, போன வருஷம் மாதிரி, நாய் ஏங்குதுன்னு பாதியில ஓடி வந்துடுவீங்க. இப்ப அவன் உங்க காலடியிலேயே இருப்பான்."

"என் குடில்? பனி விழுந்து மூடிடுமே. யாராவது பாத்துக்க வேண்டாமா?"

"ஹார்லன்கிட்ட கேட்டேன். வேண்டாம்னார். மறுபடி கேட்டேன். வேண்டாம்னார்."

அதற்குமேல் அவள் சொல்லத் தேவையில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் கூட்டாளி கையில் இரை வாளியோடு ஏரியில் நடந்துகொண்டிருந்தான். என் குடிலின் புகைக்குழாயில் ஏற்கனவே புகை.

போன் அடித்தது. மார்லிஸ்.

"மூணாவது தடவையா கேக்கறேன் அத்தான். இந்த வருஷமாவது முழுசா வந்து இருங்களேன். டுவேன் புதுசா கள்ளியெல்லாம் நட்டிருக்கார்."

"ஐயோ, எதுக்கு உங்களுக்கு..." என்று நான் இழுக்கும்போதே லவோன் போனை வாங்கிக்கொண்டாள்.

"குன்னாருக்கு டிக்கெட் போட்டாச்சுடி மார்லிஸ். இவருக்கு வர இஷ்டம் இல்லைன்னா கட்டாயப்படுத்த வேண்டாம், இவரை ஏரிக்கரை ரோட்டு நாய் விடுதியில விட்டுட்டு வரேன். தரை வெதுவெதுன்னு இருக்கும், தூங்கப் போறப்போ நெத்தியில முத்தமும் குடுப்பாங்க."

அந்த முத்தத்தைப் பற்றி நான் வீட்டில் மூச்சே விட்டதில்லை.