ஆணி ஓட்டைக்கும் அட்வான்ஸில் பிடித்தம்

இனிமேல் இந்த வீட்டில் தன் பேச்சுதான் கடைசிப் பேச்சு என்று நம்ம ஆள் முடிவு செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துவிட்டு வந்து அறிவித்தார்.

"நாம வீடு மாத்தறோம்."

மனைவி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சரிங்க."

"இங்க குடுத்த அட்வான்ஸைத் திருப்பி வாங்கி, அப்படியே புது வீட்டுக்குக் குடுக்கறோம். ஆபீஸ் பக்கத்துலயே பார்த்துட்டேன்."

"சரிங்க. ஓனர் அண்ணன்கிட்ட நானே சொல்லிடறேன்."

"ஏன், எதுக்குன்னு கேக்க மாட்டியா?"

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

இந்த இடத்திலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மாள் வாயில் இப்படி ஒரு வாக்கியம் வந்ததே கிடையாது. ஆனால் யாராவது லேசாகப் புகழ்ந்தால் போதும், நம்ம ஆளின் மூளை பாய் விரித்துப் படுத்துவிடும்.

வீடு மாற்ற அவர் சொன்ன காரணம் ஆபீஸ் தூரம். அது பொய். நிஜக் காரணம், அவருக்கு இந்தத் தெருவில் பெயர் இல்லை என்பதுதான். பார்சல் ஆபீஸில் அவர் சீல் குத்தாமல் ஒரு பொட்டலம் வாசலைத் தாண்டாது. அப்பேர்ப்பட்டவரைத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. மனைவியைத் தெரியாதவர் இல்லை. தெருவில் பாதிப் பேர் உடம்பில் இருப்பது அவள் தைத்தது. அதனால் இவர் "தையல்காரம்மா வீட்டுக்காரர்". கடையில் அப்படித்தான். சலூனில் அப்படித்தான். போன வாரம் இவர் பெயருக்கு வந்த தபாலை, "அப்படி யாரும் இந்தத் தெருவுல இல்லையே" என்று எதிர்வீட்டு அம்மாள் திருப்பி அனுப்பிவிட்டாள். புதுத் தெருவிலாவது தனக்கென்று ஒரு பெயர் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஹவுஸ் ஓனர் அடுத்த ஞாயிறு வந்தார். ஆள் உள்ளே வருவதற்கு முன்னால் அவருடைய ஆள்காட்டி விரல் வந்தது. கூடத்தின் நடுவில் நின்றபடி அந்த விரலை நாலாபக்கமும் சுழற்றினார்.

"மாப்ளே, அட்வான்ஸ்ல கொஞ்சம் பிடிக்க வேண்டியிருக்கு."

மனைவியை அவர் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்ததில் இவர் மாப்பிள்ளை ஆகியிருந்தார். இவரை யாரும் கேட்கவில்லை.

"எதுக்குப் பிடிக்கணும்?"

"சுவரெல்லாம் அழுக்கு. பெயிண்ட் அடிக்கணும்."

"ஆறு வருஷம் குடியிருந்தா சுவரு மங்கத்தான் செய்யும். என் மூஞ்சிகூடத்தான் இந்த ஆறு வருஷத்துல மங்கிப்போச்சு. அதுக்கு நான் யார்கிட்ட பிடிக்கறது?"

"அது நான் வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு" என்றாள் மனைவி, ஓனரிடம் டீயை நீட்டியபடி.

ஓனர் டீயை உறிஞ்சினார். "அப்புறம் ஆணி ஓட்டை. ஓட்டைக்கு இவ்வளவுன்னு கணக்கு."

"ஓட்டைன்னா அங்க ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம். ஒண்ணுமே இல்லாததுக்கு எப்படிங்க காசு பிடிப்பீங்க?"

"அங்க என் சுவரு இருந்துச்சு மாப்ளே. இப்ப ஒண்ணுமில்லை. அதுக்குத்தான் காசு."

"ஆணி அடிக்காம படத்தை எதுல மாட்டறது? கையிலயே பிடிச்சுக்கிட்டு நிக்கவா?"

"நின்னிருந்தா காசு மிச்சம்." ஓனர் நிறுத்தவில்லை. "அடுப்படிக் குழாய் சொட்டுது. பின்கதவுத் தாழ்ப்பாள் விழ மாட்டேங்குது. குளியலறைக் கதவு முழங்காலால முட்டினாத்தான் சாத்துது."

நம்ம ஆளுக்கு ஒரு கணம் எங்கோ இடித்தது. ஓனர் குளியலறைப் பக்கமே போகவில்லை. முழங்கால் சமாச்சாரம் இவருக்கு எப்படித் தெரியும்? யோசிப்பதற்குள் கோபம் குறுக்கே வந்துவிட்டது. கூட்டிப் பார்த்தால் அட்வான்ஸில் பாதி போகிறது. பாதியை வைத்துக்கொண்டு புது வீட்டுக்காரன் முன்னால் நின்றால் அவன் வாசலோடு அனுப்பிவிடுவான்.

"ஒரு பைசா விட மாட்டேன். கோர்ட்டுக்குப் போவேன்."

"தாராளமா போங்க. தீர்ப்பு வர்ற வரைக்கும் வாடகையைக் குடுத்துட்டு இருங்க."

"சரி, இதையெல்லாம் நானே சரி பண்ணிக் குடுத்தா?"

"முழு அட்வான்ஸும் உங்க கையில. தங்கச்சி சாட்சி."

ஓனர் போனதும் மனைவி பெருமூச்சு விட்டாள். "ஆள் வச்சா பிடிக்கற காசைவிடக் கூலி கூட கேப்பாங்க. வர்ற பாதியை வாங்கிக்கலாம். உங்களுக்கு இந்த வேலையெல்லாம் வராது."

"எனக்கா வராது?"

"ஏணியில ஏறணுங்க."

"ஏறுவேன்."

"விழுந்துடுவீங்க."

"ஏணி எங்க இருக்கு, சொல்லு."

ஏணி ஏற்கெனவே பின்பக்கம் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் உப்புத்தாளும் பிரஷும். அவை எப்படி வந்தன என்று கேட்கிற நிலையில் அவர் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். குழாய் சொட்டுகிறது என்று அவள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அடியில் ஒரு வாளி வைத்தார். அவரைப் பொறுத்தவரை அதுதான் ரிப்பேர். சுவரைப் பற்றிச் சொன்னால், "அடுத்தவன் சுவத்துக்கு நான் எதுக்குச் செலவு பண்ணணும்?" என்பார். தாழ்ப்பாளுக்கும் கதவுக்கும் அதே பதில்தான். அதே மனிதர் இப்போது பனியனும் தலையில் துண்டுமாக வாஷர் மாற்றினார். தாழ்ப்பாளுக்கும், கையோடு வாசல் கதவுக் கீலுக்கும் எண்ணெய் விட்டார். கதவை இழைத்தார். ஆணி ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பட்டி வைத்து அடைத்துத் தேய்த்தார்.

"எல்லாச் சுவருக்கும் இளம்பச்சைங்க" என்றாள் மனைவி.

"நாம வரும்போது வெள்ளைதானே இருந்துச்சு?"

"ஓனர் அண்ணன் பச்சைதான் கேட்டார். அவர் மனசு மாறறதுக்குள்ள அடிச்சுடுங்க. மிஷின் இருக்கற மூலைக்கு மட்டும் இன்னொரு கோட்டு."

"காலி பண்ற வீட்டுல மிஷின் மூலைக்கு எதுக்கு இன்னொரு கோட்டு?"

"நீங்க அடிச்சா அவ்வளவு அழகா இருக்குங்க. அதான்."

இன்னொரு கோட்டு அடித்தார்.

இரண்டு ஞாயிறு போனது. பார்சல் ஆபீஸில் லீவும் போனது. எதிர்வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்து, "கோடே தெரியலையே" என்று வியந்தாள். அவர் ஏணி மேலிருந்தே பிரஷ் பிடிக்கும் முறையை விளக்கினார். கால் மணி நேரம் விளக்கினார்.

வேலை முடிந்தபோது வீடு பளிச்சென்றிருந்தது. கூடத்தின் நடுவில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குழாய் சொட்டாத அமைதி அவருக்கே புதிதாக இருந்தது.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அடுத்து வர்றவங்க குடுத்து வச்சவங்க."

"யார் வர்றது?"

"ஓனர் அண்ணன் யாரையோ பார்த்து வச்சிருக்காராம். ரெண்டு பசங்களாம். ரெண்டும் கையில கலர் பென்சிலோடதான் நடக்குமாம்."

நம்ம ஆள் சுவரைப் பார்த்தார். சுவர் அவரைப் பார்த்தது.

"சுவத்துல கிறுக்குமா?"

"கிறுக்கினா என்னங்க? அடுத்தவன் சுவருதானே."

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை பல் துலக்கும்போதே முடிவெடுத்துவிட்டார். கொப்பளித்துவிட்டு வந்து அறிவித்தார்.

"நாம காலி பண்ணலை. இது என் முடிவு."

மனைவி மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சரிங்க."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓனர் வீட்டுக்குப் போனார். "நல்லா யோசிச்சுட்டேன். அட்வான்ஸ் உங்ககிட்டயே இருக்கட்டும். நாங்க இங்கயேதான் இருக்கப் போறோம்."

ஓனர் நிதானமாகப் பேப்பரை மடித்தார். "அதான் தங்கச்சி அன்னைக்கே சொல்லிட்டுப் போச்சே."

"என்னைக்கு?"

"நீங்க காலி பண்றேன்னு சொன்ன அன்னைக்குத்தான். ரெண்டு வருஷத்துக்கு வாடகை ஏத்த மாட்டேன்னு என்கிட்ட சத்தியமும் வாங்கிட்டுப் போச்சு. எனக்கென்ன மாப்ளே, வீட்டுக்கு இலவசமா பெயிண்ட் ஆச்சு. அந்த முழங்கால் விஷயத்தை மட்டும் மறக்காம சொல்லுங்க அண்ணேன்னு ரெண்டு தடவை ஞாபகப்படுத்துச்சு."

நம்ம ஆள் வீட்டுக்குத் திரும்பிய வேகத்தில் செருப்பு ஒன்று தெருவிலேயே நின்றுவிட்டது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்ற வெறியோடு கதவைத் தள்ளினார். எண்ணெய் விட்ட கதவு சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது. கோபத்தைக் காட்டக்கூட வழியில்லை.

உள்ளே எதிர்வீட்டு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். ஆறு வருஷத்தில் இந்தத் தெருவில் இவருக்காக ஒருவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"அக்கா, பெயிண்டர் வந்துட்டார்" என்றாள்.

மனைவி மிஷினை நிறுத்தி, முதல் முறையாகத் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். "வர்ற ஞாயிறு இவங்க வீடுங்க. நீங்க வருவீங்கன்னு சொல்லிட்டேன்."

"சரிங்க" என்றார் நம்ம ஆள்.