என் இடது கண்ணைத் திருப்பிக் கொடுக்கவும்

உழவர்கரை
18-8-1958

அம்மை குத்தும் பிரசார ஆபீசில் மேசை நாற்காலியோடு வீற்றிருக்கும் என் தங்கை மகன், பிரெஞ்சுத் துரைமார் பாணியில் முசே வடிவேல் அவர்களுக்கு, பெரியம்மா அஞ்சலாட்சி அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. செங்கழுநீர் அம்மன் புண்ணியத்தில் இங்கே யாவரும் சுகம். என் ரெண்டு கண்ணும் சுகம். உன் பலகையிலதான் ஒண்ணைக் காணோம்.

சித்திரை மாசம் போட்டோக்காரரோட வந்து, "பெரியம்மா, சும்மா ஞாபகத்துக்கு ஒரு படம்"னு சொன்ன. நானும் பட்டுப்பொடவை கட்டி உக்காந்தேன். ஞாபகம் வீட்டுச் செவுத்துல தொங்கும்னு நெனைச்சேன். வெள்ளிக்கிழமை வீராம்பட்டினம் தேருக்குப் போனா, கோயிலுக்கு எதிர்ல ஆள் ஒசரத்துக்கு உன் ஆபீசு பலகையில நான் நிக்கிறேன். அம்மைத் தழும்பெல்லாம் அச்சா எம்மூஞ்சிதான், இல்லங்கல. இடது கண்ணுல மட்டும் வெள்ளை பூசியிருக்கு. கீழ, "அம்மை குத்திக்கொள்ளாததால் கண்ணையும் குடும்பத்தையும் இழந்த அனாதை"ன்னு கொட்டை எழுத்து. அதை சத்தமா படிச்சது யாரு, பக்கத்துல குத்துக்கல்லாட்டம் நின்ன உம் பெரியப்பாதான். "அப்ப நான் யாருடி"ன்னாரு. ஒரு புண்ணியவதி எங்கையில ரெண்டு வாழப்பழத்தைத் திணிச்சுட்டுப் போனா.

அதோட போச்சா. எம்மவ சந்திரகலாவைப் பொண்ணு பாத்துட்டுப் போன வில்லியனூர்காரங்களும் தேருக்கு வந்திருக்காங்க. புதன்கிழமை மறுபடி வர்றாங்களாம். இந்தத் தடவ பொண்ணைப் பாக்க இல்ல, எங்கண்ணைப் பாக்க. இதுவும் தட்டிப்போனா மூணாவது எடம். அவ சோறு எறங்காம கெடக்கறா.

அம்மை குத்தறத நான் வேணாங்கல. இந்தத் தெருவுல மொதல்ல கையை நீட்டினவ நான். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். எனக்கு அம்மை போட்டப்ப அதே பாயில என் தம்பி பக்கிரிக்கும் போட்டுது. அஞ்சு வயசு. நான் எழுந்தேன், அவன் எழல. உங்கம்மா அப்பப் பொறக்கல. அப்புறம் அவன் பேரை வீட்ல யாரும் எடுக்கல. நெசமா நடந்தது உன் பலகைக்குப் பத்தாது இல்ல, அதான் கண்ணைப் புடுங்கிட்ட. ஆத்தா விட்டு வெச்ச கண்ணை உன் பெயிண்டர் ஒரே இழுப்புல எடுத்துட்டான்.

பலகையைப் புதன்கிழமைக்குள்ள அடுப்புல வை. இல்லன்னா உன் ஆபீசுக்கு நானே வர்றேன், ரெண்டு கண்ணோட.

உனக்கும் பொண்டாட்டி பிள்ளைங்களுக்கும் அம்மன் தீர்க்காயுசு கொடுக்கட்டும். உனக்கு மட்டும் கொஞ்சம் புத்தியும் சேத்து.

இப்படிக்கு,
அனாதைப் பெரியம்மா

பின்குறிப்பு: கடுதாசியை ஒட்டறதுக்குள்ள புதன் வந்துட்டுது. மாப்பிள்ளையோட அம்மா ராஜாம்பாள் உள்ள வந்ததும் உக்காரல. என் வலது கண்ணைப் பொத்திட்டு விரலைக் காட்டி, "எத்தினி"ன்னாங்க. "மூணு, நகத்துல மருதாணி"ன்னேன். தை மாசம் முகூர்த்தம். பொறவு மெதுவா சொன்னாங்க, பலகையைப் பாத்த மறுநாளே பேரப்பிள்ளைங்க நாலு பேருக்கும் அம்மை குத்திட்டாங்களாம். அதனால எரிச்சுடாத. கண்ணை வரைஞ்சுடு, உம் பெரியப்பாவைப் பக்கத்துல நிறுத்து, கீழ பக்கிரி பேரைப் போடு. எழுதறதுக்கு முன்ன வந்து கேளு. நான் சொல்றேன்.